ஜூனில் நோட்டு வாங்கிய பிள்ளை ஏப்ரலில் எங்கே?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் நம் பகுதியில் ஒரு காட்சியைக் காணலாம். வள்ளியூர், ஏர்வாடி, களக்காடு, பணகுடி என எந்த ஊரானாலும் காட்சி ஒன்றுதான். ஒரு மேடை, ஒரு பேனர், பத்துப் பொன்னாடைகள். ஏழைப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒரு நோட்டுக் கட்டை நான்கு பெரியவர்கள் சேர்ந்து பிடித்திருப்பார்கள். பிள்ளையின் முகமும் படத்தில் விழ வேண்டும். கொடுப்பவர் முகமும் மறையக் கூடாது!

ஆண்டு முடிந்ததும் அறிக்கை வரும். இத்தனை பேருக்கு நோட்டு, இத்தனை பேருக்குச் சீருடை, இத்தனை பேருக்குச் சுன்னத் முகாம், இவ்வளவு ரூபாய் செலவு. கேட்டவர்கள் கை தட்டுவார்கள். அடுத்த ஆண்டு நிர்வாகிகளும் தேர்வாகிவிடுவார்கள்.

இந்தப் பணிகளைக் கொச்சைப்படுத்துவது நம் நோக்கமல்ல. சொந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடியாடும் இளைஞர்களை நாம் அறிவோம். கேட்டவுடன் கல்லாவைத் திறந்து கொடுக்கும் வியாபாரிகளையும் அறிவோம். ஆனாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஜூனில் நோட்டு வாங்கிய அந்தப் பிள்ளை ஏப்ரலில் பரீட்சை எழுதியதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆண்டறிக்கை நம்மிடம் எத்தனை உண்டு?

வியாபாரிக்குத் தெரியாத கணக்கா?

வியாபாரம் செய்யும் சகோதரர்களே! ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாங்கிய சரக்கை மட்டும் எழுதிவிட்டு, ‘இதோ லாபம்’ என்று சொல்வீர்களா? விற்றது எவ்வளவு, இருப்பு எவ்வளவு, வராத பாக்கி எவ்வளவு என்று பைசா சுத்தமாகப் பார்க்கிறீர்கள் அல்லவா? உங்கள் கடைக்கு ஒரு கணக்கு, யத்தீம் பிள்ளைக்கு வேறு கணக்கா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்குப் பாடநூலும் நோட்டும் அரசே தருகிறது. மதிய உணவை 1956-ல் காமராசர் தொடங்கி வைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. அப்படியானால் நோட்டு இல்லாமலா நம் பிள்ளை படிப்பை விடுகிறது?

இல்லை. வாப்பா மவுத்தாகிறார். உம்மா தனியாக நிற்கிறாள். வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. மூத்த பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்று, தெரிந்தவர் கடையில் சேர்ந்துவிடுகிறான். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு நோட்டல்ல. மாதந்தோறும் வீட்டுக்கு வரும் ஒரு சிறு தொகை. ‘நேற்று ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?’ என்று கேட்க ஒரு ஆள். அந்த இரண்டையும் நாம் கொடுக்கவில்லை. அரசு ஏற்கெனவே கொடுத்ததையே நாமும் மேடை போட்டுக் கொடுத்தோம்.

அரசையும் சும்மா விட முடியாது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்குக் கிடைத்துவந்த மத்திய அரசின் கல்வி உதவித்தொகை 2022-23 கல்வியாண்டு முதல் நிறுத்தப்பட்டது. கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம்தானே என்று காரணம் சொன்னார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1000 ரூபாய், அதுவும் போயிற்று. கண்டிக்க வேண்டியதுதான், கண்டிப்போம். கண்டித்த பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டப் போவது யார்?

பக்கத்து ஊரில் ஒரு பாடம்

ஏர்வாடிக்குப் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ல் ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்தார். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமி அவள். அன்று தொடங்கியது ஒரு இல்லம். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள். 1895-ல் இந்தியா வந்த அந்த அம்மையார் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் 1951-ல் டோனாவூரிலேயே மறைந்தார்.

அவர்கள் மார்க்கம் அவர்களுக்கு, நம் மார்க்கம் நமக்கு. அவர்கள் பணியின் நோக்கம் பற்றி நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்றை மறுக்க முடியுமா? குழந்தையைக் கொட்டடியில் அடைக்காமல், சிறு சிறு குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்து ஆளாக்கினார்கள். நாம் ஒரு மணி நேரம் படம் எடுக்கிறோம். அவர்கள் ஒரு ஆயுளையே கொடுத்தார்கள்.

நம்மவர்களிடமே உதாரணம் இல்லையா? உண்டு. நம் நெல்லைப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் அவர்கள் மூன்று முறை வென்ற மஞ்சேரி இருக்கும் மலப்புறம் மாவட்டத்தைப் பாருங்கள். 1943-ல் மலபாரில் காலரா பரவியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் திரூரங்காடியில் எம்.கே. ஹாஜி அவர்கள் முன்னின்று ஒரு யத்தீம்கானா தொடங்கினார். சோறு போட்டதோடு அவர்கள் நின்றார்களா? 25 ஆண்டு கழித்து, 1968-ல் அந்த யத்தீம்கானாவின் பெயரிலேயே ஒரு கல்லூரி எழுந்தது. போக்கர் சாஹிப் நினைவு யத்தீம்கானா கல்லூரி என்பதே அதன் பெயர். அநாதை இல்லம் பெற்ற பிள்ளை ஒரு கல்லூரி! இதற்குப் பெயர்தான் சாதனை.

சட்டம் என்ன சொல்கிறது?

14 வயது நிரம்பாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத உதவி செய்யலாம். மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

‘பாவம், ஏழைப் பையன், வேலை கொடுத்து உதவுகிறேன்’ என்று சொல்லும் முதலாளி நம்மில் இல்லையா? ரமளானில் யத்தீம்கானாவுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, தன் கடையில் ஒரு யத்தீம் பையனைப் பொட்டலம் கட்ட வைப்பது எந்த வகை தர்மம்? அவனுடைய உம்மாவுக்கு மாதம் ஒரு தொகையைக் கொடுத்து அவனைப் பள்ளிக்கு அனுப்புங்கள். அதுவே உதவி.

படம் போடும் சகோதரர்களுக்கும் ஒரு செய்தி. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லங்கள் பதிவு பெற வேண்டும் என்றும் அதே சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ‘நல்ல காரியம்தானே, பதிவு எதற்கு?’ என்று இருந்துவிடாதீர்கள்.

இளைஞர்களே, உங்களுக்குத்தான்!

தந்தையை இழந்த பிள்ளை, கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, உறவினர் வீட்டில் வளரும் யத்தீம் ஆகியோருக்கு மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் பெற வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் 18 வயது வரை மாதம் 2000 ரூபாய் வழங்கும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தை 2025 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கியது.

நம் தெருவில் இதற்குத் தகுதியுள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்? இறப்புச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எடுக்க இத்தாவில் இருக்கும் தாய் அலைய முடியுமா? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திற்கு அவர்கள் சார்பில் போய்வர நம் இளைஞர்களுக்கு ஒரு நாள் போதாதா?

1098 என்ற எண்ணையும் மனதில் வையுங்கள். 1996-ல் மும்பையில் தெருப் பிள்ளைகளுக்காக ஒரு தொண்டு முயற்சியாகத் தொடங்கி, நாடு முழுதும் பரவி, 2023 முதல் அரசின் பொறுப்புக்கு வந்த உதவி எண் அது. ஆபத்தில் இருக்கும் எந்தக் குழந்தைக்காகவும், எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஒரு சிறு தொண்டு முயற்சியாகத் தொடங்கிய வேலை நாட்டின் ஏற்பாடாகவே மாறியது என்றால், நம்மால் ஒரு மஹல்லாவையாவது மாற்ற முடியாதா?

வரும் ஆண்டறிக்கையில்...

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஜமாஅத்தில் ஒரு பேரேடு போடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பெயர், வகுப்பு, வருகை, பரீட்சை, வீட்டு நிலை. பத்துப் பிள்ளைக்கு ஒரு இளைஞர் பொறுப்பு. ஒரு பிள்ளைக்கு ஒரு வியாபாரி பொறுப்பு. பேரேடு பூட்டில் இருக்கட்டும். எண்ணிக்கை மட்டும் வெளியே வரட்டும்.

ஆண்டு முடிவில் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் நான்கே வரி எழுதுங்கள். ஜூனில் நம் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் இத்தனை. ஏப்ரலில் பரீட்சை எழுதியவர்கள் இத்தனை. இடையில் நின்றவர்கள் இத்தனை. அவர்களில் திரும்ப அழைத்து வந்தது இத்தனை. மூன்றாவது வரியை எழுத வெட்கப்படாதீர்கள். அந்த வரி இல்லாத அறிக்கை, பாக்கியை மறைத்த ஐந்தொகை.

மேடையும் பேனரும் இல்லாமல் போகலாம். பொன்னாடை கிடைக்காமல் போகலாம். ஆனால் பத்தாண்டு கழித்து, அந்தப் பேரேட்டின் ஒரு பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியரோ மருத்துவரோ எழுந்து வருவார். வரும் ஜூனில் மேடை போடப் போகிறோமா, பேரேடு போடப் போகிறோமா?

சிந்திப்போம். செயல்படுவோம்.