மூன்று என்று எழுதிவிட்டால் வாசிப்பு வந்துவிடுமா?

கிள்ளானில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுவன் அண்மையில் நம் முன் உட்கார்ந்து வாசித்தான். ‘காலையில் மழை பெய்தது.’ அவ்வளவுதான் வாக்கியம். ‘கா’வில் விரலை வைத்தான், ‘லை’யில் திணறினான், ‘ழை’யைத் தாண்டவே முடியவில்லை. தலை குனிந்துகொண்டான். அவனுடைய அறிக்கையில் தமிழ்மொழிக்கு எழுதியிருப்பது அடைவுநிலை 3.

மலேசியக் கல்வி அமைச்சின் ஆறு நிலை அளவுகோலில் 3 என்றால் மாணவர் அறிந்திருக்கிறார், புரிந்திருக்கிறார், செய்தும் காட்டுவார் என்று பொருள். அப்படியானால் அந்த அறிக்கை பொய். பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு சொன்ன பொய். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2019-இல் ஆரம்பப்பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தேர்வை நீக்கினார்கள். 2021-இல் ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு போனது, மறு ஆண்டே மூன்றாம் படிவத்தின் பி.டி.3. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ‘எத்தனை ஏ?’ என்று எடைபோட்ட வழக்கம் ஒழிந்ததற்கு நாம் அழவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்த வகுப்பறை மதிப்பீடு நேர்மையாக நடக்க வேண்டாமா? பிரிக்ஃபீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும், நாளிதழை மடமடவென்று வாசிக்கும் மாணவியும் எழுத்துக்கூட்டும் மாணவனும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாள். அவள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். அவன் வெண்பலகையில் உள்ள விடையைப் பார்த்து எழுதுகிறான். அந்தத் தாள்தான் ஆதாரமாகக் கோப்பில் சேர்கிறது!

ஆசிரியரை மட்டும் கூண்டில் ஏற்ற மாட்டோம். வகுப்பு நிறையப் பிள்ளைகள், பல பாடங்கள், எண்களைக் கணினியில் ஏற்றக் கெடு. 1 என்று எழுதினால் ‘ஏன்?’ என்ற கேள்வி அவரிடம்தான் வருகிறது. 3 என்று எழுதினால் எவரும் கேட்பதில்லை. இப்படியொரு நிலையை வளரவிட்டதற்குப் பள்ளி நிர்வாகம் முதல் அமைச்சு வரை எல்லாரும் பொறுப்பு.

மலாய்மொழியில் இதே பொய் எழுதப்பட்டால் சேதம் இன்னும் பெரிது. மலாய்மொழியில் பின்தங்கியவர்களுக்கான புகுமுக வகுப்பில் ஓராண்டு கைதூக்கிவிடப்பட வேண்டிய பிள்ளை நேரே முதலாம் படிவத்துக்குப் போய், ஒன்றும் விளங்காமல் கடைசி வரிசையில் உட்கார்கிறது.

1, 2 என்று உண்மையை எழுதும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதை நிறுத்துங்கள். அவருடைய வகுப்புக்குக் குறைநீக்கல் ஆசிரியரை அனுப்புங்கள். தவணைக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோரிடம் வெறும் எண்ணைக் காட்டாதீர்கள். எந்த எழுத்து வரவில்லை, எந்தக் கணக்கு வரவில்லை என்று சொல்லுங்கள். ஏற்கெனவே எழுதிய எண்களை இந்தத் தவணைக்குள் மீண்டும் பார்த்துத் திருத்துங்கள். அந்தச் சிறுவன் ஆரம்பப்பள்ளியை விட்டுப் போக இன்னும் இரண்டே ஆண்டுகள் இருக்கின்றன.