நம் கட்டடத்தில் மதுக்கூடமா?

 

மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கி, விழுப்புரம் பழைய பேருந்து நிலையப் பக்கமோ திண்டிவனம் கடைவீதிப் பக்கமோ கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். தோசைக்கல்லில் பரோட்டா தட்டும் சத்தம் கேட்கும். சால்னா கொதிக்கும் மணம் வரும். பக்கத்திலேயே ஒரு சந்து. சந்தின் முனையில் பச்சைப் பலகை. அதன் பின்னால் தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் பாக்கெட், காலி டம்ளர்கள். அரசு மதுக்கடையும் அதை ஒட்டிய பாரும்!

அந்த வாசலை எட்டிப் பார்த்து, "அரசாங்கம் நாட்டைக் கெடுக்கிறது" என்று ஒரு பெருமூச்சு விட்டு நாம் வீடு திரும்பி விடுகிறோம். நமக்கும் அந்தச் சந்துக்கும் சம்பந்தமே இல்லையா? இந்தக் கேள்வியை இன்று வெளிப்படையாகவே கேட்டுவிட விரும்புகிறோம்.

இந்த மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தார். சென்னை மாகாணம் முழுவதும் அது விரிந்தது 1948-ல். அப்போது முதல்வராக இருந்தவர் யார் தெரியுமா? திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த விவசாயி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானா என்னாகும் என்ற கேள்வி அன்றும் எழுந்தது. அதையும் தாண்டித்தான் கடைகள் மூடப்பட்டன.

அப்படிப்பட்டவர் பிறந்த பகுதியில் இன்று என்ன நடக்கிறது?

1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. தள்ளாத வயதில் ராஜாஜி நேரில் போய்க் கேட்டும் பலனில்லை. 1974-ல் மீண்டும் கொண்டு வந்தார்கள். 1981-ல் மீண்டும் எடுத்தார்கள். 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே தன் கையில் எடுத்துக் கொண்டது. இதில் எந்தப் பெரிய கட்சிக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் 500 கடை, 2017-ல் 500 கடை, 2023-ல் 500 கடை என்று மூடியதாக அறிவித்தார்கள். ஆனால் மதுவால் அரசுக்கு வரும் வருமானமோ 2022-23-ல் 44 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டு 45 ஆயிரம் கோடியையும் தாண்டியது. கடை குறைந்தது, குடி குறையவில்லை!

"அரசே விற்காவிட்டால் கள்ளச்சாராயம் வந்துவிடும்" என்று ஒரு வாதம் சொல்வார்கள். வாதத்தின் லட்சணத்தை நம் மாவட்டமே பார்த்தது. 2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவ மக்கள் செத்து விழுந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தவர்களையும் சேர்த்து 20 பேருக்கு மேல் பலி. அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், 2019 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் மடிந்தனர். தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருந்தபோதுதான் இத்தனையும் நடந்தது. கடையில் குடித்துப் பழகியவன் கையில் காசு குறையும்போது, மலிவான விஷத்தைத் தேடிப் போகிறான். முதல் பழக்கத்தைக் கொடுத்தது யார்?

வியாபாரிகளே! உங்களுக்குப் புரியும் மொழியில் ஒரு கணக்கு. 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பின் சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் 4,200 ரூபாய். வருடத்திற்கு 51,100 ரூபாய். பாரில் வாங்கும் சுண்டலும் ஆம்லெட்டும் தண்ணீர் பாக்கெட்டும் இதில் சேரவில்லை. இந்தப் பணம் எங்கிருந்து போகிறது? உங்கள் துணிக்கடைக்கும், செருப்புக்கடைக்கும், பாத்திரக்கடைக்கும், மளிகைக்கும் வரவேண்டிய கூலிக்காரன் பணம் அது. சனிக்கிழமை கூலி வாங்கியவன் முதலில் அந்தச் சந்துக்குள் போய்விட்டு வந்தால், அவன் மனைவி உங்கள் கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்குவாள்.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

மதுவை வாங்கி விற்பது அரசு. ஆனால் கடைக்கும் பாருக்கும் கட்டடம் வேண்டும். அது பெரும்பாலும் தனியாருடையது. பாரை ஏலம் எடுத்தவனுக்கு இரண்டு வரும்படிதான்: தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டில் சேகரிக்கலாம். தின்பண்டத்துக்கு அடுப்பு வேண்டும், கறி வேண்டும், வறுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். பார் இல்லாத இடத்தில், பாட்டிலோடு வந்து உட்கார ஒரு சின்ன ஓட்டல் வேண்டும். இந்தச் சங்கிலியில் நம்மவர் கை எங்கேயும் இல்லை என்று பள்ளிவாசலில் நின்று நம்மால் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் மகிழ்ச்சி. முடியாதென்றால் இந்தத் தலையங்கம் நமக்குத்தான்.

"பாய், நான் குடிக்கவில்லை, விற்கவுமில்லை. கோழி வறுத்துக் கொடுக்கிறேன். வாங்குகிறவன் எங்கே வைத்துத் தின்கிறான் என்று பின்னாலேயே போக முடியுமா?" என்று கேட்கும் சகோதரர் உண்டு. கேள்வி நியாயமானது. பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். கடைக்கு வருகிறவருக்கு ஹலாலான உணவை விற்பது உங்கள் தொழில். அவர் யார், எங்கே போகிறார் என்று விசாரிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் மேசையிலேயே பாட்டில் திறக்கப்படுவதைப் பார்த்தும் காலி டம்ளர் எடுத்துக் கொடுப்பது வேறு. பாரின் அடுப்பை ஒப்பந்தம் எடுப்பது வேறு. "மதுக்கூடம் வைக்கத்தான்" என்று தெரிந்தே கட்டடத்தை எழுதிக் கொடுப்பது வேறு.

மதுவை ஷைத்தானின் அசுத்தச் செயல்களில் ஒன்றாகத் திருமறை (5:90) எண்ணுகிறது. அதில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டென்றும், அவற்றைவிடப் பாவமே பெரிதென்றும் (2:219) அல்லாஹ் உணர்த்துகிறான். வியாபாரிக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? லாபமே இல்லை என்று அவன் சொல்லவில்லை. லாபத்தை நஷ்டம் விழுங்கிவிடும் என்கிறான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மது விஷயத்தில் சபித்தது குடிப்பவரை மட்டுமா? பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று பத்துப் பேரைக் குறிப்பிட்டதாகத் திர்மிதீ நூலில் காண்கிறோம். வாடகை ரசீதில் கையெழுத்திடும் முன் இந்தப் பட்டியலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மார்க்கம் ஒருபுறமிருக்க, உரிமம் இல்லாத இடத்தில் குடிக்க இடம் கொடுப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படியும் குற்றமே. போலீஸ் வந்தால் பாட்டிலோடு வந்தவன் ஓடிவிடுவான், ஓட்டல்காரர்தான் நிற்பார்.

இளைஞனே! உனக்கும் ஒரு வார்த்தை. "நண்பர்களோடு சும்மா உட்கார்ந்திருந்தேன், நான் கூல்டிரிங்ஸ்தான் குடித்தேன்" என்கிறாய். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்பதும் நபிமொழிதான். முதல் நாள் கூல்டிரிங்ஸ் குடிக்கிறவன், பத்தாம் நாள் "ஒரு பீர்தானே" என்கிறான். உட்கார்ந்து பேச ஊரில் வேறு இடமில்லை என்பதுதான் உன் குறை என்றால், அந்தக் குறை உண்மை. அதற்கு வழி செய்ய வேண்டியது பெரியவர்கள். இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசலைப் பூட்டிவிட்டு, பையன்கள் எங்கே போகிறார்கள் என்று புலம்பினால் என்ன பயன்? ஒரு படிப்பகம், ஒரு விளையாட்டுத் திடல், நள்ளிரவு வரை நல்ல தேநீரும் சர்பத்தும் கிடைக்கும் ஒரு கடை. இவை எட்டாத காரியங்களா?

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் அதிகமான கடைகள் மூடப்பட்டன. சென்னை – திருச்சி சாலையில் இருக்கும் நம் இரு ஊர்களுக்கும் அது பெரிய செய்தி. பிறகு என்ன ஆயிற்று? அதிகாரிகள் குடியிருப்புப் பகுதிகளில் வாடகைக் கட்டடம் தேடி அலைந்தார்கள். பல ஊர்களில் பெண்கள் சாலையில் அமர்ந்து தடுத்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு பெண்மணி காவல்துறை அதிகாரியிடம் அறையே வாங்கினார். அவ்வாண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் சொன்னது. வழி மீண்டும் திறந்தது. ஆனால் ஒரு பாடம் மிஞ்சியது: கட்டடம் கிடைக்காவிட்டால் கடை இல்லை! சாவி அரசிடம் மட்டும் இல்லை. கட்டட உரிமையாளரிடமும் இருக்கிறது.

ஆகவே நாம் செய்யக் கூடியவை:

ஒன்று: ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத்தும் வணிகர்களும் கூடி, மதுக்கடைக்கோ பாருக்கோ கட்டடம் தருவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாக எழுத வேண்டும்.

இரண்டு: மகளின் திருமணத்துக்காக, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதிக வாடகைக்கு ஆசைப்படும் ஏழை உரிமையாளரை வெறுமனே ஏசாதீர்கள். அவருக்கு வேறு வாடகைதாரரைத் தேடிக் கொடுங்கள். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுங்கள். உதவாமல் உபதேசம் மட்டும் செய்ய நமக்கு உரிமையில்லை.

மூன்று: மதுக்கடை நகராட்சிப் பகுதியில் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்ற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் இருக்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு விதி. வணிகப் பகுதி என்று வரையறுக்கப்பட்ட இடத்துக்கு விலக்கும் உண்டு. எனவே முதலில் அளந்து பாருங்கள். உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறதென்று நகராட்சியில் கேளுங்கள். பிறகு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். கோவில் நிர்வாகிகளையும் தேவாலயத்தாரையும் பள்ளி ஆசிரியர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குடிகாரன் வீட்டு அடுப்பு எரியாதபோது அங்கே மதம் பார்ப்பதில்லை.

நான்கு: வாக்குக் கேட்டு வருகிறவர் நம் கூட்டணிக் கட்சிக்காரராகவே இருக்கட்டும், மதுவிலக்குப் பற்றி முதல் கேள்வியாகக் கேளுங்கள். அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவு அரசுக்கு இட்டிருக்கும் கடமை அது. நமக்கு அது சலுகைக் கோரிக்கை இல்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் முஸ்லிம் ஓட்டல் என்றால் வயிறார உண்ணலாம், பெண்டு பிள்ளைகளோடு கூச்சமின்றி உட்காரலாம் என்று மாற்று மத அன்பர்களும் நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கை நம் முன்னோர் அடுப்படியில் வியர்வை சிந்திச் சேர்த்த முதல். அதைச் சில ஆயிரம் வாடகைக்கு விற்றுவிட வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி, நம் பிள்ளைகளைக் காப்பானாக! ஆமீன்.