ஒன்பது சதுர மீற்றருக்குள் தக்காளித் தோட்டம்

சிக்கனத்தைப் பற்றி வகுப்பெடுக்கிற ஆட்கள் பெரும்பாலும் பின்வளவுள்ள வீட்டுக்காரர்களாகவே இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பிரான்சை இழுத்து மூடியபோது தொற்றிய இன்னொரு வியாதி இது. ஊதா வெளிச்சத்துக்குக் கீழே தண்ணீரில் நிற்கிற தக்காளிச் செடியைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். கூடவே ஒரு புத்திமதி: "மரக்கறிக்கு ஏன் காசைக் கொட்டுறியள்? அறைக்குள்ளயே வளருங்கோவன்."

எந்த அறைக்குள்ளே? பிரான்சில் வாடகைக்கு விடுகிற இடத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 9 சதுர மீற்றர் வேண்டுமென்பது சட்டம். அந்த ஒன்பதுக்குள் மூன்று பெடியள் படுத்தெழும்புகிற அறைகள் லாச்சப்பல் பக்கம் எனக்குத் தெரியும். ஒரு யன்னல், அதுவும் அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி. ஒரு சின்ன மின்னடுப்பு. கோப்பை கழுவிவிட்டு இரவு பன்னிரண்டுக்கு வந்து, நூடில்ஸில் சுடுதண்ணி ஊற்றித் தின்றுவிட்டுப் படுக்கிறவன் மிச்சம்பிடிக்கத் தெரியாதவனில்லை. அவன் மிச்சம்பிடிப்பது தன்ர வயிற்றில். அதுதான் எனக்குப் பிரச்சினை.

சரி, கணக்குப் பார்ப்போம். டிசம்பரில் பாரிசில் பகல் எட்டேகால் மணித்தியாலம். அதே நேரம் யாழ்ப்பாணத்தில் பதினொன்றரைக்கு மேல். இங்கே வருகிற கொஞ்ச வெளிச்சமும் யன்னலைத் தாண்டி ஒரு மீற்றர் உள்ளே வருவதற்குள் மங்கிப்போகும். எங்கட கண் அதைச் சமாளிக்கும், தக்காளி சமாளிக்காது. ஆகவே விளக்கு. 100 வாற் விளக்கை 14 மணித்தியாலம் எரித்தால் நாளுக்கு 1.4 யூனிற், மாதம் 42. விதை போட்டுப் பழம் பிடுங்க மூன்று மாதமாவது வேண்டும். ஆக 126 யூனிற். யூனிற் 20 சதமென்று வைத்தாலும் 25 யூரோ. விளக்கு, சாடி, மண், உரம் எல்லாம் வேறு. கோடை முடிவில் பார்பேஸ் சந்தைக்குப் போய் 25 யூரோவுக்குத் தக்காளி வாங்கினால் தூக்கிக்கொண்டு படியேற ஆள் பிடிக்கவேண்டும்.

விளக்கோடு வருகிற சின்னப் பெட்டிகள் இன்னும் விசேஷம். மின்சாரம் கொஞ்சம்தான் குடிக்கும். ஆனால் விதையைக் குளிகை மாதிரி அடைத்து விற்கிறார்களே, காசு அதில்தான் போகிறது.

எனக்கு வளர்ப்பதில் பகையில்லை. அறைக்குள் காயை எதிர்பார்க்காதே, இலையை எதிர்பார் என்கிறேன். கறிக்கு வாங்கின வெந்தயத்திலிருந்தே ஒரு பிடியை இரவு ஊறவைத்து, பழைய பிளாஸ்ரிக் தட்டில் நாலு விரற்கடை மண் போட்டுத் தூவினால், வசந்தம் பிறந்தபிறகு யன்னலோரத்தில் மூன்று நாலு கிழமையில் கீரை வெட்டலாம். தட்டுக்கு அடியில் ஓட்டை வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகும். முளைவிட்ட உள்ளிப்பல்லை எறியாமல் குத்திவைத்தால் அதன் தாள் சம்பலுக்கு நல்லது. புதினாத் தண்டு தண்ணிக்குள்ளேயே வேர்விடும். இவற்றால் வயிறு நிறையாது, ஆனால் வெறும் பருப்புச் சோறு சாப்பாடாகும்.

முளைகட்டிய பயறைப் பற்றியும் ஒரு புளுகு உலாவுகிறது: 100 கிராம் போட்டால் 400 கிராம் வருமாம். வரும்தான். கூடினது தண்ணி. முளைக்கிறபோது விதை தன்ர மாப்பொருளையே தின்றுதான் வளர்கிறது. விற்றமின் சி கூடும், அது உண்மையான லாபம். ஆனால் பச்சையாகத் தின்னாதீர்கள். 2011 இல் ஜேர்மனியில் ஈ.கோலி பரவி 50 பேருக்கு மேல் செத்தார்கள். விசாரித்துப் போனால் கடைசியில் அகப்பட்டது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில் முளைகட்டியது. அதே வருசம் பிரான்சில் போர்தோவுக்குப் பக்கத்திலும் ஆட்கள் விழுந்தார்கள். முளைகட்டுகிற ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடிக்கும். எங்கட ஆட்கள் எதையும் வேகவைத்தே தின்கிறவர்கள், இதில் மட்டும் நாகரிகம் பழகவேண்டாம்.

உண்மையான தோட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. புதனும் சனியும் பார்பேஸில் மெற்றோப் பாலத்துக்குக் கீழே சந்தை, லாச்சப்பலிலிருந்து நடக்கிற தூரம். கட்டு முள்ளங்கி, கரட், பீற்றூட் வாங்கினால் "இலையை முறிச்சு விடவோ?" என்று கேட்பான். முறிக்காதே என்று சொல்லுங்கள். முந்தின ஆள் முறித்துவிட்டுப் போனதையும் கேளுங்கள், தருவான். முள்ளங்கியிலையும் பீற்றூட் இலையும் வறைக்கு அருமை. பூக்கோவாவைச் சுற்றியிருக்கிற தடித்த இலையைச் சின்னனாக அரிந்து தேங்காய்ப்பூவோடு வறுக்கலாம். நான் வேலை செய்த குசினிகளில் லீக்ஸின் பச்சைப் பகுதியை ஒரு குசினிக்காரனும் குப்பையில் போட்டதில்லை, சூப்புக்குப் போகும். (றூபார்ப் இலையை மட்டும் தொடவேண்டாம், அது நஞ்சு.)

இதைச் சொன்னால், "புல்லுத் தின்னவோ வெளிநாட்டுக்கு வந்தனாங்கள்?" என்று ஒருவர் கேட்டார். 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை பூட்டினபிறகு குடாநாட்டில் எத்தனை வீட்டில் முருங்கையிலையில் பொழுது போனதென்று அவருக்கும் தெரியும். அப்ப அது சாப்பாடு, இப்ப புல்லு. அதே மனுசன் விமானத்தில் வந்து வாடிப்போன முருங்கையிலைக் கட்டுக்கு லாச்சப்பலில் கேட்ட காசைக் கொடுக்கிறார். இலையில் அவருக்கு வெட்கமில்லை, மலிவில்தான் வெட்கம்.

மற்றது தானியம். 400 கிராம் என்று போட்ட கடலை ரின்னை வடித்தால் 250 கிராம் அளவுதான் தேறும். உலர்ந்த கடலை ஒரு கிலோ ஊறி அவிந்தால் இரண்டே கால் கிலோவுக்குக் குறையாது, கிட்டத்தட்ட ஒன்பது ரின். வேலைக்குப் போகமுன் ஊறப்போட்டால், வந்து பிறஷர்குக்கரில் வைத்து உடுப்பு மாற்றிக் குளித்துவிட்டு வர அவிந்திருக்கும். மைசூர்ப் பருப்புக்கு ஊறலும் தேவையில்லை, இருபது நிமிசம். மூன்று பேர் இருக்கிற அறையில் ஆளுக்கொரு நூடில்ஸ் பெட்டி உடைப்பதை விட்டு, லீவுநாள் வருகிறவன் மூன்று பேருக்கும் சமைத்து, கறியை இரண்டு நாளுக்குப் பகிர்ந்துவைக்கலாம். அந்த அறைகளில் இதற்குக் குறைவாயிருப்பது அறிவில்லை, ஒரு நல்ல சட்டியும் பிறிட்ஜில் ஒரு தட்டும்.

ஆகவே காணொளி அனுப்புகிற அண்ணைமாருக்கு: அந்த விளக்குப் பெட்டிக்குக் கொடுத்த காசுக்கு ஆறு லீற்றர் பிறஷர்குக்கர் ஒன்று வரும். உங்களுக்குத் தெரிந்த ஒரு அறைக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள், கூட ஐந்து கிலோ பருப்பும். புத்திமதி வேண்டாம்.