காருக்குள் ஈரத்தை மறைத்து விற்கும் சகோதரர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வாங்க, விற்க யோசிப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மாரி தொடங்கிவிட்டது. கோடையில் பழைய கார் வாங்கியவர்கள், கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குவதைக் கண்டு முழிக்கும் காலமும் தொடங்கிவிட்டது. விற்றவரிடம் போய்க் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "பழைய கார் என்றால் அப்படித்தான் தம்பி." "மழைக்கு எல்லாக் காரும் ஒழுகும்." "நான் வெச்சிருக்கும்போது ஒரு சொட்டும் வரல்லயே." இந்த மூன்றாவது பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே ஓர் ஆசிரியரோ, கிளார்க்கோ, சின்னக் கடை வைத்திருப்பவரோ கார் என்று வாங்குவது இன்றும் இருபத்தைந்து முப்பது வயதான சன்னி, கொரோலா, இல்லாவிட்டால் மாருதி 800. அதற்கும் இலட்சக்கணக்கில் கொடுக்க வேண்டும். இடர் கடன், சீட்டுக்காசு, மனைவியின் காப்பு என்று மூன்று இடத்தில் திரட்டிய பணம் அது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் அப்படித்தான் வாங்கினார். விற்றவர் அதே ஊர். அதே பள்ளிவாசலில் தொழுபவர். கார் பளபளவென்று இருந்தது, உள்ளே புதுக் கார்ப்பட், டாஷ்போர்டில் இரண்டு வாசனைப் போத்தல். மழை பிடித்து மூன்றாம் கிழமை கார்ப்பட்டைத் தூக்கிப் பார்த்தால் கீழே உள்ள பஞ்சு சோறு வடித்த துணி மாதிரிப் பிழியப் பிழியத் தண்ணீர். அதற்குக் கீழே தகடு ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிற பதம். பின் சீட்டில் போய்வந்த அவருடைய மகளுக்கு இழுப்பு. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் ஈரச்சுவர் இருக்கிறதா என்பது. வீட்டில் இல்லை. காரில் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் தகடு அப்படி ஆகாது. அது வருடக்கணக்கில் ஊறியது. "ஒரு சொட்டும் வரல்ல" என்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரியாமலா பழையதைக் கழற்றிவிட்டுப் புதுக் கார்ப்பட் போட்டார்?

ஒரு ஹதீஸை நாம் எல்லோரும் குத்பாவில் பல தடவை கேட்டிருக்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம் பட்டது. வியாபாரியிடம் கேட்டபோது மழை நனைத்துவிட்டது என்றார். அந்த ஈரத்தை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். அதன் பிறகு சொன்ன வாக்கியத்தை நான் எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் மனப்பாடம். நான் பிடித்துக்கொள்வது வேறொரு விஷயம். அந்த வியாபாரி தண்ணீர் ஊற்றவில்லை. மழைதான் நனைத்தது, அவர் சொன்னது உண்மை. ஆனாலும் அது சாக்காக எடுபடவில்லை. பழைய கார் ஒழுகுவது யாருடைய குற்றமும் இல்லை. புதுக் கார்ப்பட் என்பது அந்தக் குவியலின் காய்ந்த மேல்பக்கம். வித்தியாசம் ஒன்றுதான்: இவர்கள் மேல்பக்கத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள்.

இனி அடுத்த சாக்கு. "எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே ஏலாது ஆசிரியர், எத்தனையோ பாஸ்மாரிடம் காட்டியாச்சு." இதையும் நான் ஏற்க மாட்டேன். காட்டியதாகச் சொல்லும் கராஜில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பாஸ் வந்து பார்த்தார், முன் கண்ணாடியைச் சுற்றி ஒரு டியூப் சிலிக்கன் அடித்தார், காசை வாங்கினார். அவ்வளவுதான். தண்ணீர் நின்ற இடம் ஒன்று, சிலிக்கன் போன இடம் இன்னொன்று. நடுவில் தேடல் என்று ஒன்று நடக்கவே இல்லை.

காருக்குள் ஈரம் இருக்கும் இடம் வேறு, தண்ணீர் நுழையும் இடம் வேறு. இதை விளங்காதவரை ஆயிரம் டியூப் அடித்தாலும் பிரயோசனமில்லை. முன்னால் நுழைந்த தண்ணீர் கார்ப்பட்டுக்குக் கீழே பஞ்சு வழியாக ஊர்ந்து, கார் சரிவில் நிற்கும்போது பின் சீட்டுக்குக் கீழே போய்த் தேங்கும். அங்கே ஈரத்தைக் கண்டவர் பின் கதவைக் குறை சொல்வார்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது "எப்போது" என்ற கேள்வி. எங்கே என்பது பிறகு. மழை பெய்யும்போது மட்டுமா? வெயில் நாளிலும் ஏசி போட்டு ஓடினால் நனைகிறதா? மழை விட்ட பிறகு, தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓடினால் மட்டுமா? இந்த மூன்றும் மூன்று வேறு வியாதி.

நம் கார்களில் அதிகம் நனைவது இடது பக்க முன் தரை. அங்கேயே இரண்டு காரணம் ஒளிந்திருக்கும். ஒன்று ஏசி. குளிராக்கும் கொயில் டாஷ்போர்டுக்குள் இடது பக்கம், சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அதில் வடியும் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாயால் காருக்குக் கீழே போக வேண்டும். தூசியும் ரோமமும் சேர்ந்து குழாய் அடைபட்டால் தண்ணீர் உள்ளே வழியும். இதற்கு மழையே தேவையில்லை. பதினைந்து நிமிடம் ஏசியை ஓடவிட்டுக் காருக்குக் கீழே பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். மிஞ்சிப்போனால் அரை மணித்தியால வேலை. இதற்கு முன் கண்ணாடியில் சிலிக்கன் அடித்தவர்களை எனக்குத் தெரியும்.

மற்றது வைப்பருக்குக் கீழே உள்ள தொட்டி. பொனட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மழைத்தண்ணீர் விழுந்து இரு பக்கத் துவாரங்களாலும் வடிந்து போகும் இடம். வேம்புக்குக் கீழே, மாமரத்துக்குக் கீழே காரை நிறுத்துகிறோம். இலையும் சருகும் விழுந்து அழுகி அந்தத் துவாரம் அடைபடும். தண்ணீர் மட்டம் ஏறி, வெளிக்காற்று உள்ளே வரும் வழியால் காருக்குள் இறங்கும். மழைக்கு மட்டும் நனைந்தால் முதலில் இதைப் பாருங்கள். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் கையால் இலையை அள்ளினால் போதும்.

இனிக் கதவு. பலருக்கு இது புதினமாக இருக்கும்: கதவுக்குள் மழைத்தண்ணீர் போவது குறை இல்லை. ஷட்டர் கண்ணாடியோடு தண்ணீர் உள்ளே இறங்கும், கதவின் அடியில் உள்ள துவாரங்களால் வெளியே போகும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது, கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் பூட்டுகிறவர்களும் பவர் ஷட்டர் திருத்துகிறவர்களும் அதைக் கிழித்து வீசிவிட்டுப் பலகையைப் பூட்டி விடுகிறார்கள். பாட்டு நல்லாகக் கேட்கும். அடுத்த மாரிக்குக் கால் நனையும். தடித்த பொலித்தீன் தாளும் பியூட்டைல் டேப்பும் வாங்கி நாமே ஒட்டலாம்.

டிக்கியில் ஸ்பெயார் டயரைத் தூக்கிப் பாருங்கள். அங்கே தண்ணீர் நின்றால் பின் லைட்டின் கேஸ்கட், டிக்கி பீடிங், இவை இரண்டும் சரி என்றால் பின் பம்பருக்குப் பின்னால் உள்ள காற்றுப் போகும் ரப்பர் மடல்கள். பின்னால் ஒரு தரம் அடிபட்ட கார்களில் இந்த மடல் இல்லாமலே பம்பரைப் பூட்டியிருப்பார்கள். ரோட்டுத் தண்ணீரில் மட்டும் நனைகிற கார் என்றால் தரையில் உள்ள ரப்பர் மூடிகள் கழன்றிருக்கும். தேங்குகிற தண்ணீர் போகட்டும் என்று தரையில் ட்ரில்லால் ஓட்டை போட்டுக் கொடுக்கும் பாஸ்மாரும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். மேலிருந்து வந்த தண்ணீர் போகிறதோ இல்லையோ, கீழிருந்து வருகிற தண்ணீருக்கு வாசல் திறந்தாயிற்று.

தேடும் முறை பெரிய வித்தையில்லை. விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான், ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்று. கார்ப்பட்டையும் பஞ்சையும் எடுத்து வெயிலில் போடுங்கள், தகட்டை நன்றாகத் துடையுங்கள். (சீட்டைக் கழற்ற வேண்டியிருந்து, காரில் ஏர்பேக்கும் இருந்தால் முதலில் பெட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள்.) மூட்டுகளிலும் பீடிங் ஓரங்களிலும் கரும்பலகைச் சோக்குத் தூளைத் தூவுங்கள். ஒருவர் டோர்ச்சோடு உள்ளே இருக்க, மற்றவர் வெளியே ஹோஸ் பைப்பால் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழே தொடங்கி மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடி, பிறகு ஷட்டர், பிறகு கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரேயடியாக நனையும், எதுவும் விளங்காது. சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னும் வேண்டாம், அது நல்ல பீடிங்கையும் ஒழுக வைக்கும். தண்ணீர் வந்த வழி சோக்கில் கோடாகத் தெரியும். ஒரு லீவு நாள் பின்னேரம் போதும். சோக்குக்கு நான் பொறுப்பு!

சிலிக்கன் பற்றி இன்னும் ஒன்று. வினாகிரி மணம் அடிக்கிறதே, அந்தச் சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலத்தை விடுகிறது. பெயின்ட் உரிந்த தகட்டில் அடித்தால் துருவை நாமே நட்ட மாதிரி. அது ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது, கண்ணாடி ஒட்டும் யூரித்தேனும் பிடிக்காது. முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். பாத்றூமுக்கு வாங்கியதில் மிச்சமானதைக் காருக்கு அடிக்காதீர்கள்.

"கொஞ்ச ஈரத்துக்கு இவ்வளவு சத்தமா" என்று கேட்பவர்களுக்கு: சீட் பிணைத்திருக்கும் போல்ட்டும், சீட் பெல்ட்டின் அடிக்கொக்கியும் அந்தத் தகட்டோடும் அதன் ஓரத்தோடும்தான் நிற்கின்றன. வயர்கள் கதவோரமாகக் கார்ப்பட்டுக்குக் கீழேதான் ஓடுகின்றன. ஏர்பேக் உள்ள பல கார்களில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுவில் தரையோடு இருக்கிறது. வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம், இன்சூரன்ஸ் காட்டி லைசன் எடுக்கிறோம். தரை உக்கியிருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க விற்பவரும் வாங்குபவரும் மட்டும்தான் இருக்கிறார்கள். அதில் ஒருவர் மூடி மறைத்தால் மற்றவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடுவது எதன் மேல்?

வாங்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். மழை பெய்கிற நாளில் போய்ப் பாருங்கள். காரில் ஏறியவுடன் கதவைச் சாத்தி, ஏசி போடாமல் மூக்கால் பாருங்கள், வாசனைப் போத்தலை முதலில் வெளியே வைக்கச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் கார்ப்பட்டைத் தூக்கிப் பஞ்சை அமுக்குங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை கோடாக இருக்கும், அதைக் கழுவ அநேகமானோர் மறந்துவிடுவார்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டையும் பாருங்கள். கார்ப்பட்டைத் தூக்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் பேரம் பேச வேண்டாம், ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள்.

விற்பவர்களிடம் நான் கேட்பது ஒரு வரிதான். ஊர் விற்பனைக் குழுக்களில் போடும் விளம்பரத்தில் ஏசி, அலோய் வீல், செட் எல்லாம் எழுதுகிறீர்கள். "இடது பக்கம் மழைக்கு ஒழுகும்" என்றும் எழுதுங்கள். விலை குறையும், உண்மைதான். குறைய வேண்டிய அளவுக்குக் குறையட்டும். வாங்குபவர் தெரிந்தே வாங்குவார், திருத்திக்கொள்வார். எழுதாமல் விற்றுவிட்டீர்கள் என்றால், மறைத்த குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு மார்க்கத்திலேயே இருக்கிறது. அவர் வாசலுக்கு வரும்போது "பழைய கார் என்றால் அப்படித்தான்" என்று கதவைச் சாத்தாதீர்கள். நம் உலமாக்களும் வட்டியைப் பேசும் அளவுக்கு இந்த வாகன வியாபாரத்தையும் மிம்பரில் பேசினால் நல்லது.

அந்த ஆசிரியரின் கார் இப்போது டிங்கரிங் கடையில் நிற்கிறது, தரைத்தகடு மாற்றுகிறார்கள். தண்ணீர் நுழைந்தது வைப்பர் தொட்டியில் இருந்து. அள்ளியெடுத்த சருகு ஒரு ஷொப்பிங் பேக் நிறைய இருந்தது. விற்றவர் இன்னும் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

யாரைச் சொல்கிறீர்கள் என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கு விளங்கும். உங்கள் காரில் எந்தப் பக்கம், எப்போது நனைகிறது என்று கொமன்டில் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.