வாட்டசாட்டமா இருந்தா நல்ல கரும்பா? கோவையில் ரகம் தேர்வாவது இப்படித்தான்

உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரு கட்டத்தில் ஒரே ரகம்தான் இருந்தது. பெயர் கோ 0238. அந்த 'கோ' நம்ம கோயம்புத்தூர்தான். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மையத்தில் உருவாகி, 2009-ல் வெளிவந்தது. இதை உருவாக்கிய விஞ்ஞானி பக்ஷி ராமுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது அந்த ரகத்தைக் கைவிடச் சொல்கிறார்கள். காரணம், செவ்வழுகல் நோய்.

கண்ணால எப்படித் தேர்வு செய்றாங்க?

கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் ஊர் கோவை. 1912-ல் நிறுவனம் இங்கே வந்ததற்கும், மற்ற மாநில விஞ்ஞானிகள் இன்றும் ஒட்டுச் சேர்க்க இங்கே வருவதற்கும் இதுதான் காரணம். ஒரு ஒட்டில் நூற்றுக்கணக்கான நாற்றுகள் கிடைக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றையும் எடைபோட்டுக் கொண்டிருக்க முடியாது. அதனால் வயலில் நடந்தபடியே பார்க்கிறார்கள். தூரில் எத்தனை கரும்பு, தடிமன் எவ்வளவு, சாயாமல் நிற்கிறதா, உள்ளே சக்கை விட்டிருக்கிறதா? கூடவே சாற்றின் இனிப்பைக் கைக்கருவியில் அளக்கிறார்கள். பெரும்பாலானவை அந்தச் சுற்றிலேயே கழிந்துவிடும்.

இங்கேதான் சிக்கல். தடிமனைக் கண் ஓரளவு சரியாகச் சொல்லும். மகசூலைச் சொல்லாது. வாய்க்கால் ஓரத்துச் செடி தண்ணீர் குடித்தே கொழுத்திருக்கலாம். சோயாவிலும் இதே கதைதான். காய் கொத்துக்கொத்தாகத் தொங்கும் செடியின் விதையைப் போட்டால், அடுத்த தலைமுறை அதே அளவு காய்க்கும் என்று உத்தரவாதம் இல்லை. கரும்புக்கு ஒரு வசதி உண்டு. கரணை வெட்டி நட்டால் அதே செடி திரும்ப வரும். அதனால் கண் தேர்ந்ததை வரிசையாக நட்டு, பல ஊர்களில் சோதிக்கலாம். இதற்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடும்.

அப்புறம் ஏன் விழுந்தது?

செவ்வழுகலை வெளியிலிருந்து சீக்கிரம் பார்க்க முடியாது. உள்ளே சிவந்து புளித்த வாடை அடிக்கும், வெளியே பச்சையாகவே நிற்கும். அதனால் கரும்பில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்தி, சுமார் 60 நாள் கழித்துப் பிளந்து பார்ப்பார்கள். கோ 0238-ம் இதில் ஓரளவு தாங்கும் ரகம் என்றே தேறியது. பிறகு பூஞ்சை மாறிவிட்டது. பரப்பு முழுக்க ஒரே ரகம் என்பதால் பரவத் தடையே இல்லை.

தமிழ்நாட்டிலும் 2000-ல் வந்த கோ 86032 என்ற ஒரே ரகத்தைத்தான் நெடுங்காலம் நம்பியிருக்கிறோம். சத்தியமங்கலமோ கவுந்தப்பாடியோ, விதைக் கரும்பு வாங்கும்போது ரெண்டைப் பிளந்து பாருங்க. வெட்டுவாயில் சிவப்பு தெரிந்தால் அந்தக் கரணையை நடவே வேண்டாம்.