புள்ளிகளுக்கு விளிம்பு உண்டு

விழிஞ்ஞத்தில் சாலைக்கும் வீட்டுமனைக்கும் மண்ணை வெட்டிய இடங்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே சீரான செம்மண். கீழே போகப் போக வெள்ளை, மஞ்சள், சிவப்பு எல்லாம் திட்டுத்திட்டாகப் பின்னிக் கிடக்கும். வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டால் அந்த முகம் இறுகிவிடும். பிறகு புல் மூடும், தடுப்புச்சுவர் எழும். புது வெட்டு கண்ணில் படும் நாட்கள் குறைவு.

அந்தத் திட்டுகளைக் களப்படிவத்தில் ‘புள்ளிகள் உண்டு’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவை தென்படும் ஆழத்தையே மழைக்கால நீர்மட்டமாகவும் கொள்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். அது பிழை.

இங்கே அடியில் இருப்பது கார்னெட்டும் சில்லிமனைட்டும் கலந்த கொண்டலைட் பாறை. ஃபெல்ஸ்பார் சிதைந்து வெள்ளைக் கயோலின் களியாகிறது. கார்னெட் சிதைந்து இரும்பை விடுகிறது. ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று, தை பிறந்தால் உலர்வு. மண் ஊறிக்கிடக்கும்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு இரும்பை ஒடுக்குகின்றன. கரைந்த ஃபெரஸ் இரும்பு நீரோடு நகர்ந்து, காற்றுப் படும் இடத்தில் துருவாகப் படிகிறது. இதெல்லாம் நமக்குப் பழகிய பாடம். வடிவம் பிறப்பது இதற்கு அடுத்த படியில். படிந்த துருவின் பரப்பு, கரைந்து வரும் இரும்பைப் பற்றிக்கொண்டு அதன் ஆக்சிஜனேற்றத்தை இன்னும் விரைவாக்குகிறது. முந்திப் படிந்த இடமே மேலும் பெருக்கிறது, அக்கம்பக்கம் வெளுக்கிறது. கண்ணுக்கே தெரியாத சிறு வேறுபாடு, எண்ணற்ற முறை நனைந்து உலர்ந்து, விரல் பருமன் திட்டாகிறது.

வெளுத்த குழல் ஒன்றைக் கத்தி முனையால் நெம்பிப் பாருங்கள். நடுவில் மக்கிய வேர், சுற்றிலும் இரும்பு இழந்த வெளிறிய மண், அதற்கு வெளியே சிவப்பு வளையம். வேர் அழுகியபோது நுண்ணுயிர்களுக்கு இரை கிடைத்தது. அங்கிருந்த இரும்பு கரைந்து வெளியேறியது. இனி நீர் நிற்கும் நெல்வயலில் ஒரு நாற்றைப் பிடுங்குங்கள். வேர்மேல் ஆரஞ்சு நிறத் துரு. நெல் தன் தண்டுவழி காற்றை வேருக்கு இறக்குவதால், இரும்பு வேரைத் தேடி வந்து படிகிறது. அதே இரும்பு, அதே வேர், தலைகீழான கோலம். ‘வேரோரப் புள்ளி’ என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறோம்?

நீர்மட்டக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. பிரான்சிஸ் புகானன் மலபாரில் அங்காடிப்புரத்தில் பார்த்து 1807-இல் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்ட கல், வெட்டும்போது இளகி, காற்றுப்பட்டதும் செங்கல்லாய் இறுகுவது. அப்படி இறுகிய சிவப்பு எளிதில் மீண்டும் கரையாது. அதை உண்டாக்கிய நீர் விலகிய பிறகும் நிற்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடலோர நிலத்தடி நீர் அதையொட்டி இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. விழிஞ்ஞம் போன்ற கரையில் ஒரே சுவரில் பல காலத்துப் புள்ளிகள் இருக்கலாம். அவற்றை நம்பிக் கழிவுநீர்க் குழிக்கு ஆழம் குறித்துக் கொடுத்தால், பாதிக்கப்படுவது பக்கத்து வீட்டுக் கிணறு.

பிரித்தறிய வழி இருக்கிறது. விளிம்பு மங்கிக் கரைந்து போகும் புள்ளி பெரும்பாலும் இன்றும் வளர்வது; கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையான விளிம்பு பெரும்பாலும் பழையது. ஐயமிருந்தால் மழைக்காலத்தில், ஊறிய மண்ணைப் புதிதாகப் பிளந்து டைபிரிடைல் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பு ஏறினால் ஃபெரஸ் இரும்பு அங்கே இப்போதே இருக்கிறது. துளையிட்ட குழாய் ஒன்றை இறக்கி இரண்டு பருவமழைக்கும் நீர்மட்டம் அளந்தால் இன்னும் நல்லது. மழை நீண்ட இடைவெளி விட்டுக் கொட்டித் தீர்க்கும் இக்காலத்தில், பழைய புள்ளியை வைத்து இன்றைய நீரைச் சொல்வது முன்னைவிட ஆபத்தானது.

அடுத்த இதழ் முதல், புள்ளியின் நிறம், அளவோடு விளிம்பையும் குறிக்காத மண்கண்ட விவரணைகளைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம். விழிஞ்ஞம் முதல் குமரி மாவட்டக் கரை வரை புது வெட்டு எதையாவது கண்டால், மூடப்படும் முன் படமெடுத்து, ஆழமும் தேதியும் குறித்து அனுப்புங்கள்.