குழைந்த சோற்றில் நின்றுவிடும் நோயாளி

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியின் கையில் நாம் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறோம். முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் அரைத்த கூழ், ஐந்தாம் ஆறாம் வாரங்களில் குழைவான உணவு, அதன் பிறகு திட உணவு. மையத்துக்கு மையம் ஒரு வாரம் முன்பின் ஆகலாம், வரிசை ஒன்றுதான். இந்த வரிசையின் முதல் பாதியை நாம் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கிறோம். மூன்றாம் வாரத்திலேயே தோசை தின்றுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் பதறிப்போகிறோம். ஆனால் மூன்றாம் மாதத்திலும் ரசம் சாதத்தைத் தாண்டாதவரைக் கண்டு நாம் பதறுவதில்லை. வாந்தி இல்லை, வலி இல்லை, எடையும் இறங்குகிறது என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். திட உணவுக்கு அவசரப்பட்டுப் போவது போலவே அதற்குப் போகாமல் தேங்குவதும் ஒரு சிக்கல். அதையும் தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவது நம் வேலை.

நீராகாரத்தில் தொடங்குவதன் காரணம் அனைவரும் அறிந்ததே. ஸ்லீவ் சிகிச்சையில் எஞ்சும் இரைப்பைக் குழாய் 100 முதல் 150 மி.லி. கொள்ளும். பைபாஸில் மேலே விடும் சிறு பை 30 மி.லி. அளவுதான். ஸ்டேபிள் போட்ட வரிசையைச் சுற்றி வீக்கம் இருக்கிறது. ஸ்லீவில் பைலோரஸ் அப்படியே இருப்பதால் குழாயின் உள்ளழுத்தமும் கூடுதல். கசிவு நேர்ந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வெளிப்படும். எனவே அந்த நாட்களில் கண்டிப்பு தேவை. ஆனால் கூழுக்கு இத்தனை நாள், குழைவுக்கு இத்தனை நாள் என்ற கணக்கு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளிலிருந்து பிறந்ததில்லை. காயம் ஆறும் காலம், அறுவை மருத்துவர்களின் அனுபவம், வல்லுநர்களின் இணக்கம் ஆகியவை சேர்ந்து உருவானது அது. எந்த நாளுக்கு முன்னால் ஒன்றைத் தொடக்கூடாது என்பதை நாட்காட்டி சொல்லும். எப்போது அடுத்த படிக்கு ஏற வேண்டும் என்பதை நோயாளி மெல்லும் விதமும், அவரது அறிகுறிகளும், அன்றாடப் புரதக் கணக்கும்தான் சொல்ல வேண்டும்.

சிக்கல் குழைவுக் கட்டத்தில் தொடங்குகிறது. நாம் பின்பற்றும் அட்டவணைகளின் மூலம் மேலைநாட்டு மருத்துவமனைகள். அங்கே குழைவான உணவு என்றால் கிளறிய முட்டை, மென்மையான பாலாடைக்கட்டி, டின்னில் அடைத்த சூரை மீன். எல்லாமே புரதம். நம் வீடுகளில் குழைவு என்றதும் அடுப்பில் ஏறுவது காய்ச்சல் கஞ்சி, இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், தயிர் சாதம், ஜவ்வரிசி. நோய்வாய்ப்பட்டவருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துப் பழகிய உணவுகள்தான் இவை. வயிற்றுக்கு இதமானவை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அநேகமாக முழுவதும் மாவுச்சத்து. தாளில் ‘மென்மையான உணவு’ என்று மட்டும் எழுதினால், சமைப்பவர் அதை இப்படித்தான் படிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இட்லியில் 2 கிராம் புரதம் தேறும். 100 கிராம் தயிர் சாதத்தில் 3 கிராம். இந்தக் கட்டத்தில் நோயாளி ஒரு வேளைக்குக் கொள்ளக்கூடியது அரைக் கிண்ணம். ஆறு வேளை சாப்பிட்டாலும் நாளுக்கு 20 கிராமைத் தொடுவது கடினம். 2019-இல் அமெரிக்காவின் ஐந்து மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்பது நாளுக்குக் குறைந்தது 60 கிராம். தேவைக்கேற்ப உகந்த உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.5 கிராம் வரை. இடைவெளியைப் புரதப் பொடி நிரப்புகிறது. ஆனால் இரண்டாம் மாதத்தில் பொடி திகட்டிவிடும், அல்லது அதன் விலை கட்டுப்படியாகாது. பொடி நின்று, திடப் புரதமும் தொடங்காத வாரங்களில் இறங்கும் எடையில் தசையின் பங்கு கூடுகிறது. தராசு இதைக் காட்டிக்கொடுக்காது. மூன்றாம் மாதத்து முடி உதிர்வுக்கு அறுவையின் அதிர்ச்சியே காரணமாக இருக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் அந்தப் புகாரோடு வருபவரின் புரதக் கணக்கைப் பார்க்காமல் அனுப்பக்கூடாது.

புரதக் குறைவைவிட ஆழமாக இறங்குவது இன்னொன்று. குழைந்த மாவுச்சத்து சிறிய இரைப்பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்; ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். திடமான புரதம் தங்கி நிறைவு தரும். அதே சமயம், சரியாக மெல்லாவிட்டால் அடைத்து வலிக்கவும் செய்யும். ஏழாம் வாரத்தில் முதல்முறையாகக் கோழி சாப்பிட்டு நெஞ்சு அடைத்து நுரை நுரையாக உமிழ்ந்தவர், மாலையில் டீயில் நனைத்த பிஸ்கட் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இறங்குவதைக் காண்கிறார். தன் உடம்புக்குக் கோழி ஒத்துக்கொள்ளாது, பிஸ்கட் ஒத்துக்கொள்ளும் என்று அவர் முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. பின்னாளில் எடை திரும்பி ஏறியதாக வருபவர்களிடம் உணவு வரலாறு கேட்டால், பலரிடம் இந்தப் பழக்கத்தின் வேர் அந்த முதல் மூன்று மாதங்களில் கிடைக்கும்.

பைபாஸ் செய்தவர்களிடம் டம்பிங்கும் சேர்ந்துகொள்கிறது. இனிப்பான கஞ்சியோ பாயசமோ குடித்த 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அது முன்கூட்டி வரும் வகை. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் மயக்கமும் வந்தால், இன்சுலின் மிகையால் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது. வீட்டார் இரண்டையும் ‘பலவீனம்’ என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தம்ளர் சத்துமாவுக் கஞ்சியில் சர்க்கரையைக் கூட்டிக் கொடுப்பார்கள். அடுத்த சுற்று அங்கேயே தொடங்கிவிடும்.

அப்படியானால் திட உணவை எங்கிருந்து தொடங்குவது? ஈரப்பதம் உள்ள, நார் குறைந்த புரதத்திலிருந்து. முட்டை முதலில் வரட்டும்: எண்ணெய் அதிகமில்லாத பொடிமாஸ், பிறகு அவித்த முட்டை. ஒரு முட்டை 6 கிராம் தரும். அடுத்து ஆவியில் வெந்த மீன். 30 கிராமில் ஏறத்தாழ 6 கிராம். நம் கடலோர வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எண்ணெயையும் பச்சை மிளகாயையும் குறைத்துவிட்டால், ஏழாம் வாரத்துக்கு நாம் தேடும் பதம் அதுவே. வேறு மீனையும் அதே முறையில் செய்யலாம். பத்தியச் சமையல் தெரிந்த பாட்டி ஒருவர் வீட்டில் இருந்தால் டயட்டீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம். கோழியைக் கொத்துக்கறியாக்கிக் குழம்போடு தரலாம். வறுத்த நெஞ்சுக்கறியும், மறுநாள் சூடாக்கிய கறியும் அடைப்பதில் முதலிடம் வகிப்பவை. ஆட்டிறைச்சி கடைசியில் வரட்டும்.

சைவ உணவினருக்கு இன்னும் கவனம் வேண்டும். உதிர்த்த பனீர் 30 கிராமில் 5 கிராம் புரதம். கெட்டியாக வெந்த பாசிப்பருப்பு 100 கிராமில் சுமார் 7 கிராம். நீர் வடித்த தயிர், தோல் நீக்கி மசித்த கொண்டைக்கடலை, ஊறவைத்து அரைத்த சோயா, ஆவியில் வேகவைத்த பருப்பு உருண்டை என்று வரிசையை நீட்டலாம். “தினமும் பருப்பு சாப்பிடுகிறேன்” என்று சொல்பவரிடம் எப்படி என்று கேட்டுவிட வேண்டும். இட்லி மேல் ஊற்றிய சாம்பார் என்பார். தெளிந்த சாம்பாரில் பருப்பு இருப்பதில்லை. பாத்திரத்தின் அடியில் இருக்கிறது. ‘அடிப்பருப்பு, நான்கு தேக்கரண்டி’ என்று தாளில் எழுதினால் யாருக்கும் புரியும். இவ்வளவு செய்தும் பல மாதங்கள்வரை உணவால் மட்டும் 60 கிராமை எட்ட முடியாதவர்கள் இருப்பார்கள். பொடியை எப்போது நிறுத்தலாம் என்பதை அந்தக் கணக்கே முடிவுசெய்ய வேண்டும்.

எதைச் சாப்பிடுவது என்பதோடு எப்படிச் சாப்பிடுவது என்பதும் சேர்ந்தே வர வேண்டும். சோற்றைக் குழம்போடு பிசைந்து உருட்டி விழுங்குவது நம் கைப்பழக்கம். மெல்லும் வேலையைக் கையே செய்துவிடுவதால் பல்லுக்கு வேலை மிஞ்சுவதில்லை. ‘நன்றாக மெல்லுங்கள்’ என்ற அறிவுரை இந்தப் பழக்கத்தின் முன் நிற்காது. குழம்பு ஊற்றாத ஒரு துண்டு மீனையோ பனீரையோ சிறு கரண்டியில் எடுத்து, கூழாகும்வரை மென்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும்படி மருத்துவமனையிலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பல் விழுந்தவர்களையும் பல்செட் தளர்ந்தவர்களையும் அறுவைக்கு முன்பே பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு புது உணவு போதும். மார்பெலும்புக்குப் பின்னால் அழுத்தம், விக்கல், மூக்கில் நீர், வாயில் எச்சில் ஊறுதல், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த வேளைச் சாப்பாடு அத்தோடு முடிந்தது. பரோட்டா, பிரெட், ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைத் தோல், முருங்கைச் சக்கை, வாழைத்தண்டு, முற்றிய கீரைத்தண்டு ஆகியவை தள்ளியே இருக்கட்டும். ஒட்டிக்கொள்வதும் நார் திரண்டு உருண்டையாவதும் இவற்றால்தான்.

திட உணவுக்கு ஏற முடியாததற்கு எப்போதும் பழக்கமே காரணம் என்று நினைத்துவிடுவதும் ஆபத்து. நீர் இறங்குகிறது, நேற்றுவரை இறங்கிய குழைவு இன்று நிற்கிறது, நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் குறுக்கத்தை நினைக்க வேண்டும். பைபாஸின் இணைப்பில் அது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும். ஸ்லீவில் இரைப்பை வளையும் இடத்தில் வரும். எண்டோஸ்கோபியில் கண்டறிந்து பலூனால் விரிக்கக்கூடிய ஒன்றை ‘இன்னும் நன்றாக மெல்லுங்கள்’ என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடக்கூடாது. நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினால், காய்ச்சலோ தோள்வலியோ இருந்தால், அன்றே அறுவை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

வாந்தி தொடரும் நோயாளியிடம் தயமினை மறப்பது மன்னிக்க முடியாதது. உடலின் கையிருப்பு 25 முதல் 30 மில்லிகிராம்தான். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். தீட்டிய பச்சரிசிக் கஞ்சியில் வண்டி ஓட்டுபவருக்கு வரவு ஏற்கெனவே குறைவு. தென்னிந்தியாவுக்கு இது புதிய பாடமில்லை. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. புழுங்கல் அரிசி உண்பவர்களைப் பெரிபெரி ஏன் அதிகம் தொடவில்லை என்பது அந்தக் கால ஆய்வாளர்கள் தெளிவுபடுத்திய விஷயம்: புழுக்கும்போது தவிட்டின் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்த நோய் இன்று நம் வார்டில் வேறு உருவத்தில் வருகிறது. பார்வை இரட்டையாகிறது, கண்மணி ஆடுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழம்புகிறது. மூன்று வகை அறிகுறியும் ஒன்றாகச் சேரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி எடுத்தவருக்கு தயமின் ஊசி போன பிறகே குளுக்கோஸ் ட்ரிப் ஏற வேண்டும். நம் நோயாளி வாந்தியோடு முதலில் போவது தெருமுனை கிளினிக்குக்கு. அங்கே முதலில் ஏறுவது குளுக்கோஸ். எனவே இந்த எச்சரிக்கை வீட்டுக்குக் கொடுக்கும் தாளின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், உள்ளூர் மருத்துவரை நோக்கி எழுதப்பட வேண்டும்.

நம் துறையினரிடம் சில வேண்டுகோள்கள். தாளில் பதத்தை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய புரத உணவைச் சமையலறைப் பெயரிலும் கரண்டி அளவிலும் முதல் வரியில் எழுதுங்கள். சோறும் இட்லியும் கடைசி வரியில் வரட்டும். ஆலோசனைக்குச் சமைப்பவரையும் அழையுங்கள். “பாவம், ஒரு வாய் ரசஞ்சோறாவது சாப்பிடட்டுமே” என்ற அன்பு பல தாள்களை வென்றிருக்கிறது. அதே அன்பு “ரெண்டு வாய் மீனை முதலில் சாப்பிடு” என்றும் பேசும். நான்காம் வாரம் ஒரு தொலைபேசி அழைப்பும், எட்டாம் வாரம் ஒரு நேர்ச் சந்திப்பும் கட்டாயமாகட்டும். நோயாளியின் பதிவேட்டில் திடப் புரதம் எந்த வாரம் தொடங்கியது என்பதற்கு ஒரு கட்டம் வையுங்கள். பத்தாம் வாரத்திலும் அது காலியாக இருந்தால், டயட்டீஷியனும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து காரணம் தேட வேண்டும்: பல்லா, பயமா, பணமா, குறுக்கமா?

எட்டாம் வாரம் வருபவரைத் தராசில் ஏற்றும் முன், நேற்று மதியம் தட்டில் முதலில் எதை எடுத்தார் என்று கேளுங்கள். சோறு என்றால், அந்த வரிசையை அன்றைக்கே பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுக்கலாம். இரண்டாம் ஆண்டில் அதே பழக்கத்தை மாற்ற எத்தனை சந்திப்புகள் ஆனாலும் போதாமல் போகலாம்.